நீலம் எதுவரை

சத்துவாச்சாரி, இரண்டாம் மாடி, மே மாதம்.
மின்விசிறி வெந்நீர்போல் காற்றைத் தெளிக்கிறது.
நான் ஒரு பெயருக்கு நிறம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எல்லாச் செயலிகளிலும் பெயரென்றால் நீலம்.
முன்னால் ஒரு @,
வாலைச் சுருட்டிப் படுத்த நாய்க்குட்டி மாதிரி.
தொட்டால் ஆள் தெரிவார்.
யாரும் எழுதிவைக்காத சட்டம் இது,
வேலூரில் ஆட்டோ ஏறி ஆஸ்பத்திரி என்றால்
எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கமாட்டார்களே, அதைப்போல.

எங்களுடையது சின்னச் செயலி.
ரத்தம் கேட்போர், ரத்தம் தருவோர்,
காட்பாடி முதல் வாலாஜா வரை நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

முதலில் அடிக்கோடு போட்டேன்.
குமுதாவின் கொக்கிகளை அறுத்துக்கொண்டு போனது கோடு.
எடுத்துவிட்டேன்.
தடித்த எழுத்து வைத்தேன்.
ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டன,
கிருஷ்ணவேணி ஜலதோஷத்தோடு நின்றாள்.
சரி, வெறும் நீலமே போதும் என்றேன்.
பாலாற்றுப் பாலத்தில் பன்னிரண்டு மணி வெயிலில்
போனை நீட்டிப் பார்த்துவிட்டு
எது நீலம், எது கறுப்பு என்றாள் ஜபீன்.
கீழே எது ஆறு, எது கரை என்றும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு ராத்திரி, இரண்டே முக்கால்.
லாட்ஜ் சந்திலிருந்து யாரோ எழுதினார்:
"ஓ நெகட்டிவ். அவசரம்.
@ஏகாம்பரத்துக்குச் சொல்லுங்க."
கீழே பதினேழு பேர் கைகூப்பினார்கள்.
சொல்லியாயிற்று என்றே எல்லோரும் நினைத்தோம்.

ஏகாம்பரம் அப்போது ராணிப்பேட்டையில்,
தோல் ஷாப்பில், நைட் ஷிப்ட்.
விழித்துத்தான் இருந்தார்.
போன் சட்டைப்பையில், முழுச் சார்ஜோடு.
ஒருதரம்கூட அதிரவில்லை.

இயந்திரத்துக்கு ஏகாம்பரத்தைத் தெரியும்.
ஏகாம்பரத்துக்குச் என்று ஒருவர்
பட்டியலில் இல்லை.
பெயர் கறுப்பாகவே கிடந்திருக்கிறது.
யாரும் பார்க்கவில்லை, நானும்தான்.

விதி எழுதியவர்களின் மொழியில்
பெயர் நின்ற இடத்தில் நிற்கும்,
உறவெல்லாம் தள்ளி நின்று கைகட்டும்.
நம்மிடம் பெயர் நிற்பதே இல்லை.
மகரத்தைக் கழற்றிப்போட்டு
அத்துச் சாரியையை மாட்டிக்கொண்டு
யாரிடமாவது கிளம்பிவிடுகிறது.
குடியாத்தம் பள்ளியில் இதையே எழுதி
இரண்டு மார்க் வாங்கியவள் நான்.

ரத்தம் கிடைத்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து
வேறொருவர் வந்தார், நேரத்துக்குள்.
காலையில் ஏகாம்பரம் கூப்பிட்டார்.
"இன்னாம்மா, என் பேரு அங்க இருக்குது,
எனக்குச் சொல்லவே இல்லியே?"
குரலில் கோபம் இல்லை.
இருந்திருந்தால் தேவலை.

சிறுகோடு போடலாம் என்றாள் ஜபீன்:
@ஏகாம்பரம்-க்கு.
பெயருக்கு மாவுக்கட்டுப் போட்டதுபோல் இருந்தது.
பெயர் நீலம், உருபு கறுப்பு என்று பிரித்துப் பார்த்தேன்.
எங்கே வெட்டுவது?
போய்விட்ட மகரத்துக்கு எந்த நிறம்?
ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று
எங்கள் ஊரைச் சொல்வார்கள்.
கடைசி எழுத்து இல்லாத ஏகாம்பரமும்
எங்கள் ஊர்தான்.

ஆறு நாள் ஆனது.
சொல் முழுவதையும் நீலமாக்கினேன்.
வால் நீளட்டும், உடம்பு திரியட்டும்,
அடியில் ஆள் அவரே.
கூடவே நீலத்துக்குப் பின்னால் ஒரு வெளிர்ப் பட்டை,
பாலத்து வெயிலுக்காக.

ராத்திரி பதினொன்றுக்குச் சோதனை.
அவர் பெயரையே எடுத்தேன், அவரைக் கேட்காமல்.
ஏகாம்பரத்தை. ஏகாம்பரத்தோடு. ஏகாம்பரத்துக்கு.
ஏகாம்பரத்திடமிருந்து.
ஒவ்வொன்றாக நீலம் பற்றியது,
அடுப்பில் காஸ் பற்றுவதுபோல்.
எட்டாம் வேற்றுமைக்கு உருபு தேவையில்லை,
கூப்பிட்டால் போதும்.

@ஏகாம்பரம்!

நான் நாற்காலியில் சாய்வதற்குள் போன் அடித்தது.
அந்தப் பக்கம் தோல் சுழலும் டிரம்களின் இரைச்சல்,
அது தூரத்தூரப் போகிறது,
அதற்கு மேலே மூச்சு வாங்கும் குரல்:

"எந்த வார்டும்மா? கெளம்பிட்டேன்."